சப்பாணிப் பருவத்திற்கு அப்பால்: குறைபாடுடைய குழந்தைகளின் பெற்றோரும் இந்தியச் சட்ட வரலாறும்

பிள்ளைத்தமிழ் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பாடும் இலக்கிய வகையாகும். 3ஆம் மாதத்தில் காப்பு, 5ஆம் மாதத்தில் செங்கீரை, 7ஆம் மாதத்தில் தால், 9ஆம் மாதத்தில் சப்பாணி, 11ஆம் மாதத்தில் முத்தம், 13ஆம் மாதத்தில் வருகை எனப் பருவங்கள் முறையே அமைகின்றன. பாட்டியல் நூல்களிடையே மாதக் கணக்கில் சிறு வேறுபாடுகள் காணப்படினும், வைப்புமுறை பெரிதும் மாறுவதில்லை. குழந்தை கைகளை ஊன்றித் தலையசைப்பதும், அமர்ந்து கைகொட்டுவதும், தளர்நடையிட்டுத் தாயை நோக்கி வருவதும் இவ்விலக்கியத்தின் பாடுபொருள்களாகும். தெய்வமும் அரசரும் சான்றோரும் பாட்டுடைத் தலைவர்களாதலின் இங்குப் பருவம் தவறுவது என்பது இல்லை.

இப்பருவ வைப்பினை இன்றைய குழந்தை மருத்துவத்தின் வளர்ச்சிப் படிநிலை அட்டவணைகளோடு ஒப்பிட்டு நோக்கலாம். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் அமைந்த குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய ‘திருவனந்தபுரம் வளர்ச்சித் தேர்வு அட்டவணை’ பிறப்பு முதல் 2 வயது வரையிலான வளர்ச்சியை 17 செயல்களால் அளக்கிறது. குழந்தையின் வயதுக்கு நேராக அட்டவணையின்மேல் ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைத்து, அதற்கு இடப்புறம் முற்றிலும் அடங்கும் செயல்களில் எதனையேனும் குழந்தை செய்யாதிருப்பின் மேலாய்வுக்கு அனுப்புதல் வேண்டும் என்பது அதன் முறை. பிள்ளைத்தமிழ்ப் புலவர் கண்டு மகிழ்ந்த செயல்களையே அட்டவணையும் எண்ணுகிறது. ஆயினும் புலவர் ‘வருக’ என அழைத்தவுடன் குழந்தை வந்துவிடுகிறது. பென்சில் வைத்துப் பார்க்கும் தாய்க்கு அந்த உறுதி இல்லை.

இவ்விடத்துச் சப்பாணி என்னும் சொல்லின் இருபொருள் கருதத்தக்கது. இலக்கிய மரபில் அது 9ஆம் மாதத்துக் குழந்தை கைகொட்டி விளையாடும் பருவம். வழக்கிலோ நடக்க இயலாதவரைச் சுட்டும் சொல்லாகவும், வசையாகவும் அது வழங்குகிறது. அகராதிகளும் இரு பொருளையும் தருகின்றன. வருகைப் பருவம் வாராத குழந்தைக்குப் பருவத்தின் பெயரே வாழ்நாட்பெயராகிவிடுகிறது எனலாம். அக்குழந்தையின் பெற்றோர் என்ன செய்தனர், எதனை நம்பினர், எதனை மறுத்தனர் என்பதற்குத் தமிழ் இலக்கியத்தில் கிடைக்கும் சான்றுகள் மிகச் சிலவே.

புறநானூற்றின் 28ஆம் பாடலில் சோழன் நலங்கிள்ளிக்கு அறிவுறுத்தும் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், மானிடப் பிறப்பில் நேரும் குறைபாடுகள் எட்டினை எண்ணிக் கூறுகிறார். குறைபாடுகளை வகைப்படுத்திய பழந்தமிழ்ப் பட்டியல்களுள் அது முதன்மையானது. அறமும் பொருளும் இன்பமும் எய்தப் பயன்படாத பிறப்பு எது என்பதே அப்பாடலின் அக்கறை. அப்பிறப்பை ஈன்றவள், வளர்த்தவர் ஆகியோர் அதன் பார்வைக்குள் வரவில்லை.

பெற்றோர் வெளிப்படத் தோன்றும் இடம் குமரகுருபரர் வரலாறாகும். 17ஆம் நூற்றாண்டினரான அவர் 5 வயது வரை பேசாதிருந்தார் என்றும், பெற்றோர் அவரைத் திருச்செந்தூருக்கு எடுத்துச் சென்று முருகன் திருமுன் வேண்டித் தங்கினர் என்றும், அங்குப் பேச்சு வரப்பெற்றுக் கந்தர் கலிவெண்பாவைப் பாடினார் என்றும் மரபு கூறுகிறது. மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை இயற்றிய புலவரே பருவந்தவறிய குழந்தையாகச் சித்திரிக்கப்படுவது வியப்புக்குரியது. இவ்வரலாறு அருளைப் போற்றுவதற்காகக் கூறப்படுவது என்பதில் ஐயமில்லை. எனினும் ஐந்தாண்டுக் காலம் காத்திருந்து, ஊரைவிட்டுக் குழந்தையோடு புறப்பட்ட பெற்றோரின் முடிவும் அதனுள் பொதிந்துள்ளது. குழந்தை பேசியமையாலேயே இம்முடிவு பதிவு பெற்றது. பேசாத குழந்தையோடு திரும்பிய பெற்றோரைப் பற்றி எந்தத் தலபுராணமும் பேசுவதில்லை. குணமாகாத குழந்தையின் பெற்றோர் இந்திய வரலாற்றில் பெயரோடு இடம்பெறுவதற்கு 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்பதிவு இலக்கியத்தில் அன்றி நிறுவனங்களிலும் சட்டங்களிலும் தொடங்கியது.

பம்பாயும் சென்னையும்

ஃபாத்திமா இஸ்மாயில் (1903–1987) பம்பாயைச் சேர்ந்தவர். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர். 1940களின் நடுவில் அவருடைய இளம் மகளுக்கு இளம்பிள்ளை வாதம் கண்டது. அக்காலத்தில் இந்நோய்க்குத் தடுப்பு மருந்து இல்லை. ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி 1955இல்தான் அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு வந்தது. கால்கள் முடங்கிய குழந்தைக்கு நெடுநாள் தசைப்பயிற்சி அளித்து மறுவாழ்வு தரும் வசதி பம்பாய் போன்ற பெருநகரிலும் குழந்தைகளுக்கென அமைந்திருக்கவில்லை. மருத்துவர்களைத் தேடி அலைந்த அத்தாய், சென்னையில் எலும்பியல் மருத்துவராகப் புகழ்பெற்றிருந்த எம்.ஜி. கினியிடம் மகளைக் கொணர்ந்தார். பல மாதங்கள் நீடித்த அச்சிகிச்சையால் குழந்தையிடம் முன்னேற்றம் தென்பட்டது.

இத்தோடு நின்றிருப்பின் இது ஒரு குடும்பத்தின் வரலாறாகவே முடிந்திருக்கும். பம்பாய் திரும்பிய ஃபாத்திமா இஸ்மாயில், தம் மகளுக்குக் கிடைத்த பயிற்சி பிற குழந்தைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்னும் நோக்கில் 1947இல் முடமுற்ற குழந்தைகள் மறுவாழ்வுச் சங்கத்தை நிறுவினார். சிறு சிகிச்சை நிலையமாகத் தொடங்கியது, பின்னர் ஹாஜி அலிப் பகுதியில் குழந்தைகளுக்கான எலும்பியல் மருத்துவமனையாக வளர்ந்தது. 1958இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1978இல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரானார்.

நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில் தோன்றிய இந்நிறுவனம் பிற்காலப் போக்கு ஒன்றினை முன்னறிவித்தது. குழந்தையின் உடல்நலம் ஒரு துறை, கல்வி வேறொரு துறை, நலஉதவி மற்றொரு துறை என அரசு பகுத்துக்கொண்டது. குழந்தையோ ஒன்றாகவே இருந்தது. துறைகளுக்கு இடைப்பட்ட வெளியைப் பெற்றோரே நடந்து கடக்க வேண்டியிருந்தது. வசதியும் கல்வியும் செல்வாக்கும் உடையோர் அவ்வெளியில் நிறுவனங்களை எழுப்பினர்.

வசதியற்ற பெற்றோரின் முடிவுகள் எவ்வாறு அமைந்தன என்பதை மருத்துவ ஆய்வுகளின் வழியாகவே ஓரளவு உய்த்துணர முடிகிறது. காய்ச்சல் கண்ட குழந்தைக்கு ஊசி போட்டால் விரைவில் குணமாகும் என்னும் நம்பிக்கை இந்தியச் சிற்றூர்களில் வேரூன்றியிருந்தது; ஊசி போடாத மருத்துவரை மக்கள் மதிப்பதில்லை. இளம்பிள்ளை வாதக் கிருமி உடலில் புகுந்துள்ள காலத்தில் தசையில் ஊசி போடப்பட்டால், போடப்பட்ட உறுப்பிலேயே முடக்கம் நேரும் வாய்ப்பு மிகுகிறது என்பதை 1950ஆம் ஆண்டையொட்டி ஆஸ்திரேலிய, பிரித்தானிய மருத்துவர்கள் சுட்டிக்காட்டினர். தென்னிந்தியக் குழந்தைகளிடையேயும் இத்தொடர்பு பின்னர் ஆராயப்பட்டது. நாள்கூலியை இழந்து, குழந்தையைத் தோளில் சுமந்து மருத்துவரிடம் சென்ற தந்தை, தம் அறிவுக்கு எட்டிய நன்மையையே செய்தார். அவருக்கு அதனை அறிவுறுத்தியிருக்க வேண்டியவர் ஊசியைக் கையிலேந்தியவர் ஆவார். பெற்றோரின் அறியாமையே குறைபாட்டுக்குக் காரணம் எனப் பரப்புரை ஏடுகள் கூறிவந்ததை இப்பின்னணியில் மறுவாசிப்புச் செய்தல் வேண்டும்.

இந்தியாவின் கடைசி இளம்பிள்ளை வாத நேர்வு 2011 சனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் பதிவாயிற்று. 2009இல் 741ஆக இருந்த எண்ணிக்கை 2010இல் 42ஆகவும் 2011இல் ஒன்றாகவும் குறைந்தது. 2014 மார்ச்சில் தென்கிழக்காசிய வட்டாரத்தோடு இந்தியாவும் அந்நோய் நீங்கிய நாடாகச் சான்றளிக்கப்பட்டது.

பள்ளி தேடிய தாய்மார்

இளம்பிள்ளை வாதத்தில் கால்கள் முடங்கினும் குழந்தையின் பேச்சும் அறிவும் பிறர்க்குப் புலப்படும். மூளை முடக்குவாதத்தில் நிலைமை வேறு. பிறப்பின்போதோ அதனையொட்டியோ மூளைக்கு நேரும் சேதத்தால் தசைகள் கட்டுக்கடங்காமல் போகின்றன. பேச்சும் தெளிவற்றுப் போகலாம். உள்ளிருக்கும் அறிவு வெளித்தோன்றாமையால், ‘இக்குழந்தைக்கு எதுவும் புரியாது’ என்னும் தீர்ப்பு எளிதில் வழங்கப்பட்டது. அத்தீர்ப்பை ஏற்பதா மறுப்பதா என்பதே பெற்றோர் எடுக்க நேர்ந்த முதல் முடிவாகும்.

மிது ஆலூர் அதனை மறுத்தவர். 1966இல் பிறந்த அவர் மகள் மாலினி சிப்புக்கு மூளை முடக்குவாதம் இருந்தது. இந்தியாவில் வழி தெரியாமையால் குடும்பம் இங்கிலாந்து சென்றது. அங்குச் சிகிச்சையும் பள்ளிக்கல்வியும் ஒரே கூரையின்கீழ் அமைந்திருப்பதைக் கண்டது. நாடு திரும்பியபோது குழந்தையைச் சேர்க்கப் பள்ளி இல்லை. 1972இல் பம்பாயில் இந்திய ஸ்பாஸ்டிக்ஸ் சங்கம் தோன்றிய சூழல் இதுவாகும். நடிகை நர்கிஸ் அதன் புரவலராக விளங்கினார். 1974இல் கல்கத்தாவிலும், அதனைத் தொடர்ந்து தில்லியிலும் பெங்களூரிலும் இத்தகைய நிறுவனங்கள் உருவாயின. சென்னையில் மூளை முடக்குவாதம் உடைய மகனின் தாயாகிய பூனம் நடராஜன் 1985இல் தொடங்கிய நிறுவனம் பின்னர் ‘வித்யாசாகர்’ எனப் பெயர் பெற்றது.

இந்நிறுவனங்களின் வரலாற்றில் முன்னிற்கும் பெயர்கள் பெரும்பாலும் தாய்மாருடையவை. தந்தையர் பொருளுதவியும் அலுவலகத் தொடர்பும் நல்கியிருக்கக்கூடும். ஆனால் வேலையை விட்டவரும், பயிற்சி முறைகளைக் கற்று ஆசிரியராக மாறியவரும் தாயரே. சிறப்புக் கல்வி என்னும் தொழிற்புலமே இந்தியாவில் கணிசமான அளவுக்குத் தாய்மாரின் ஊதியமற்ற உழைப்பிலிருந்து பிறந்தது எனக் கூறுவது மிகையாகாது. இதனைத் தியாகம் என்று மட்டும் புகழ்வது அவ்வுழைப்பின் அறிவுத்தன்மையை மறைத்துவிடும்.

பெற்றோரின் அறிவை மருத்துவ நிறுவனங்கள் மதித்த இடங்களும் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957இல் தொடங்கிய காலம் முதலே குடும்பத்தினர் நோயாளியுடன் தங்கும் முறையைக் கைக்கொண்டது. மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளின் பெற்றோர் அங்குக் குழந்தையோடு தங்கிப் பயிற்சியைக் கற்று ஊர் திரும்பினர். வங்காளம், அசாம் முதலிய தொலைப்பகுதிகளிலிருந்தும் பெற்றோர் வேலூரை நாடி வருவது இன்றளவும் தொடர்கிறது.

பெயரிட்டதும் பெயரிடாததும்

1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்றது. பார்வையின்மை, குறைபார்வை, தொழுநோயிலிருந்து குணமடைந்த நிலை, செவித்திறன் குறைபாடு, இயக்கக் குறைபாடு, மனவளர்ச்சிக் குறைவு, மனநோய் என்பன அவை. மூளை முடக்குவாதம் இயக்கக் குறைபாட்டுக்குள் அடக்கப்பட்டது. 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உடையவர் என மருத்துவர் சான்றளித்தால்தான் உதவிகள் கிட்டும். சாத்தனார் எட்டு எண்ணினார். நாடாளுமன்றம் ஏழு எண்ணியது. எண்ணிக்கையன்று, எண்ணில் அடங்காதோர் நிலையே இங்கு ஆராயத்தக்கது.

ஆட்டிசம் அந்த ஏழனுள் இல்லை. நடக்கவும் ஓடவும் வல்ல, செவியும் கண்ணும் குறைவற்ற, ஆயினும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தையைச் சட்டத்தின் எந்த அறையில் வைப்பது? சான்றிதழ் வேண்டிய பெற்றோர், பொருந்தினும் பொருந்தாவிடினும் ‘மனவளர்ச்சிக் குறைவு’ என்னும் சான்றினைப் பெறும் நிலைக்குத் தள்ளப்பட்டனர். அச்சான்று சலுகைக்கு வழி திறக்கும். பள்ளியின் கதவை அடைக்கவும் கூடும். ஒரு தாளைப் பெறுவதா வேண்டாவா என்னும் இத்தடுமாற்றம், நலஉதவி வரலாற்றில் உரிய இடம் பெறவில்லை. 1991இல் தில்லியில் ஆட்டிசம் உடைய மகனின் தாயாகிய மெரி பரூவா தொடங்கிய ‘ஆக்சன் ஃபார் ஆட்டிசம்’ என்னும் அமைப்பு பெற்றோர்க்குப் பயிற்சி அளித்ததோடு, ஆட்டிசம் சட்டத்தில் தனிப்பெயர் பெற வேண்டும் எனவும் உழைத்தது.

தமிழில் இக்குறைபாடுகளைச் சுட்டும் சொற்களும் இக்காலப்பகுதியில் மாறின. ‘முடவர்’, ‘ஊனமுற்றோர்’ என்பன அரசு ஆவணங்களிலிருந்து விலக, தமிழ்நாட்டில் 2010இல் இதற்கெனத் தனித்துறை அமைந்தபோது ‘மாற்றுத்திறனாளிகள்’ என்பது அலுவல் வழக்காயிற்று. இச்சொல் மதிப்பினைத் தருவது உண்மையே. ஆயினும் 3 வயதுக் குழந்தைக்கு ‘மாற்றுத் திறன்’ யாது எனக் கேட்கும் பெற்றோர்க்கு அது விடை தருவதில்லை. ஆட்டிசத்துக்கு வழங்கும் ‘மதியிறுக்கம்’ என்னும் ஆக்கம் அறிவு இறுகியது என்ற பிழைப்பொருளைத் தரக்கூடும் என்பதையும் கலைச்சொல்லாக்குவோர் கருத்திற் கொள்ளுதல் நன்று.

‘எங்களுக்குப் பின்’

பெற்றோர் இயக்கத்தின் அடியோட்டமாக இருந்த கேள்வி கல்வியைப் பற்றியதோ மருத்துவத்தைப் பற்றியதோ அன்று. பெற்றோர் இறந்தபின் இக்குழந்தையைக் காப்பவர் யார் என்பதே அது. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் 18 வயது வரையே துணைநிற்கும். 18 வயது நிரம்பிய நாளில், தம் மகனுக்காக வங்கியில் கையொப்பமிடும் உரிமையையும் பெற்றோர் இழந்தனர். உடன்பிறந்தோர் காப்பர் என்னும் நம்பிக்கை கூட்டுக்குடும்பம் தளர்ந்த நகரங்களில் முதலில் ஆட்டங்கண்டது.

பெற்றோர் சங்கங்கள் 1995இல் ‘பரிவார்’ என்னும் தேசியக் கூட்டமைப்பாக இணைந்தன. 1999 டிசம்பரில் நிறைவேறிய தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைவு, பல்வகைக் குறைபாடுகள் ஆகிய நான்கினையும் தன் பெயரிலேயே கொண்டது. ஆட்டிசம் என்னும் சொல் இந்தியச் சட்டம் ஒன்றில் இடம்பெற்ற வரலாற்றுத் தருணம் இது. அறக்கட்டளைக்கு நடுவண் அரசு ஒருமுறை நிதியாக ரூ.100 கோடி வழங்க வகைசெய்யப்பட்டது. பெற்றோர் அல்லது காப்பாளர் இறந்தபின் பராமரிப்பும் பாதுகாப்பும் அளித்தல் அதன் நோக்கங்களுள் ஒன்றாக எழுதப்பட்டது. வாரியத்தில் தன்னார்வ அமைப்புகள், பெற்றோர் சங்கங்கள், குறைபாடுடையோர் சங்கங்கள் ஆகியவற்றுக்கு மும்மூன்று இடங்கள் ஒதுக்கப்பட்டன. பூனம் நடராஜன் பின்னாளில் இவ்வறக்கட்டளையின் தலைவராகப் பொறுப்பேற்றார்.

பெற்றோரின் மரணத்தை முன்வைத்துத் தொடங்கும் நலச்சட்டம் என்ற வகையில் இது தனித்தன்மை உடையது. அதே வேளையில் ஒரு குறையும் அதன் அமைப்பிலேயே உள்ளது. பெற்றோர் உயிரோடிருக்கும் வரை பராமரிப்பு அவர்தம் கடமை என்னும் முற்கோளை அது வினவவே இல்லை. நூறு கோடியின் வட்டியைக் கொண்டு நாடு முழுவதிலும் உள்ள குடும்பங்களுக்குச் செய்யக்கூடியது எவ்வளவு என்பதும் எளிதில் கணிக்கத்தக்கதே.

தொடக்கநிலைக் கண்டறிதலை அரசு தன் கடமையாகப் பரந்த அளவில் ஏற்றது 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தை நலத் திட்டத்தின் வாயிலாகும். பிறவிக் குறைபாடு, ஊட்டக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் என்னும் நான்கு தலைப்புகளில் 30 நிலைகளைப் பிறப்பு முதல் 18 வயது வரை கண்டறியவும், மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையம் அமைக்கவும் அது வகைசெய்தது. கல்வி உரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் கடுங்குறைபாடுடைய குழந்தைகட்கு வீட்டிலிருந்தே கற்கும் உரிமையை அளித்தது. அது உரிமையா, பள்ளி தன் பொறுப்பைக் கைகழுவ ஒரு வழியா என்னும் விவாதம் பெற்றோரிடையேயே எழுந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் குறைபாடுகளை 21ஆக விரித்து ஆட்டிசத்தையும் சேர்த்தது. அருகமைப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்னும் தேர்வையும் 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைகட்கு உரியதாக்கியது.

இதற்குள் பெற்றோரால் பேசப்பட்ட குழந்தைகள் தாமே பேசத் தொடங்கியிருந்தனர். மும்பையிலும் லண்டனிலும் உயர்கல்வி பெற்ற மாலினி சிப் 2010களின் தொடக்கத்தில் தன்வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஒரே விரலால் தட்டச்சிட்டு எழுதப்பட்ட அந்நூலின் தலைப்பும் அச்சிறு விரலையே சுட்டுகிறது. தாயின் உழைப்பை அது நன்றியுடன் நினைவுகூர்கிறது. தமக்காகப் பிறர் முடிவெடுப்பதன் வலியையும் மறைக்கவில்லை. 2007இல் இந்தியா ஏற்புறுதி செய்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை, குறைபாடுடைய ஒவ்வொருவர்க்கும் பிறரோடு ஒத்த சட்டத் தகுதி உண்டு என்கிறது. தம்மை நம்பியிருக்கும் மகனுக்குக் காப்பாளரைக் கேட்டுப் போராடிய பெற்றோர்க்கு இது அதிர்ச்சியாக இருந்தது. காப்பாளர் முறையே தம் உரிமையைப் பறிப்பது எனக் கருதிய குறைபாடுடையோர்க்கு இது வெற்றியாக இருந்தது. இரு தரப்பும் ஒரே இல்லத்தில் வாழ்பவை.

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு ‘வரையறுக்கப்பட்ட காப்பாளர்’ என்னும் இடைவழியை வகுத்தது. காப்பாளரும் குறைபாடுடையவரும் கலந்து எடுக்கும் கூட்டு முடிவாக, குறித்த காலத்துக்கும் குறித்த செயலுக்கும் மட்டுமே உரியதாக அது அமைதல் வேண்டும். ஆயினும் 1999ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்படவில்லை. அதன்படி உள்ளூர் நிலைக் குழுவிடம் பெற்றோர் இன்றும் விண்ணப்பித்துக் காப்பாளராக நியமனம் பெறலாம். மாவட்ட ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர், பதிவுபெற்ற அமைப்பொன்றின் பேராளர், குறைபாடுடையவர் ஒருவர் என மூவரைக் கொண்டது அக்குழு. மகனுக்கு 18 வயது நிறைந்த பெற்றோர் தம் விண்ணப்பத்தை அம்மூவர் முன்னிலையில் வைக்கின்றனர்.